பக்கத்து இருக்கையில் இருக்கும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து, அப்பா கார் ஓட்டுவதைப் பற்றி நீ சொன்ன ஒரு பேச்சு காதை விட்டுப் போகவில்லை. "நல்லாத்தான் ஓட்டுறாரு." சொன்ன கையோடு ரசத்தைச் சூடு பண்ணுவதாக எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாய். ரசம் சூடாகத்தான் இருந்தது அம்மா. அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் எனக்கு ஊற்றினாய், நாக்கு வெந்துபோனது.

நேற்று ஃபோனில் உன்னைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். "எழுது, பேரக் கீரப் போட்டுடாத" என்றாய். எதைப் பற்றி என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முகத்துக்கு நேரே பேச ஆரம்பித்தால் நீ பாதியில் மறித்து "சாப்ட்டியா?" என்று கேட்டுவிடுவாய். அதனால்தான் கடிதம். எல்லாரும் படிக்கிற இடத்தில் இதை வைப்பதற்குக் காரணம், உங்கள் புளோக்கிலேயே உன்னைப் போல மூன்று நான்கு அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகள் கண்ணிலும் இது படட்டும்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் பேசியது முழுக்கக் காசு. தம்பிக்கு இந்த வருஷம் போனஸ் இல்லை. அவன் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, நீட்டிப்பார்களா என்று யாரும் வாய் திறக்கவில்லை. என் வீட்டில் துணைப்பாடக் கட்டணம். இங்கே சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2023-ல் 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது, 2024-ல் 9 ஆனது. ஒவ்வொரு முறையும் ஒரு விழுக்காடுதானே என்றுதான் இருந்தோம். இப்போது ஃபேர்பிரைஸ் பேரங்காடி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். அரசாங்கம் கொடுத்த சிடிசி பற்றுச்சீட்டும், நாட்டின் அறுபதாம் ஆண்டுக்கென்று ஜூலையில் உங்கள் இருவருக்கும் ஆளுக்கு 800 வெள்ளி வந்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டும் இல்லையென்றால் இன்னும் இறுகியிருக்கும் என்று நீயே சொன்னாய். பிறகு அப்பாவின் காப்பீடு. அரசாங்கத்தின் அடிப்படைக் காப்பீடான மெடிஷீல்டு லைஃபுக்கு, மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து கட்டிவிடலாம். அதற்கு மேல் எடுத்த தனியார் திட்டத்தின் கூடுதல் காப்பான ரைடருக்குக் கையிலிருந்து ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும், வயது ஏற ஏறத் தொகையும் ஏறுகிறது. அதை விட்டுவிடலாமா என்று தம்பி கேட்டதும் கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பில் கறி குறைவு, உருளைக்கிழங்கு அதிகம். எல்லாரும் கவனித்தோம், யாரும் சொல்லவில்லை. அப்பா மட்டும் "கிழங்கு நல்லா வெந்துருக்கு" என்றார். அவர் அப்படித்தான். உன்னைக் குறை சொல்ல இடம் கிடைத்தாலும் சொல்லமாட்டார். நீயும் அவரை அப்படித்தான் காப்பாற்றுகிறாய். நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

வீட்டில் 67 வயதோ அதற்கு மேலோ ஆன ஆள் இருந்தால் பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதாந்திரத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60தான் என்று தம்பி மனைவி சொல்லிப் பார்த்தாள். "என் அடுப்படில இன்னொருத்தியா" என்றாய். அது அத்தோடு முடிந்தது.

அப்புறம் கார். பிப்ரவரியோடு சிஓஇ, அதாவது கார் வைத்திருக்க ஏலத்தில் வாங்கும் உரிமைச் சான்றிதழ், பத்து ஆண்டு நிறைகிறது. தம்பி கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டான். புதுப்பிக்க வேண்டுமென்றால் கடைசி மூன்று மாதச் சராசரி விலையைக் கட்ட வேண்டும். சின்னக் கார்களுக்கே அது இப்போது லட்சத்தைத் தாண்டுகிறது. ஐந்து ஆண்டுக்கு மட்டும் எடுத்தால் பாதி, ஆனால் அதற்குப் பிறகு மறுபடி புதுப்பிக்க முடியாது. பாதி என்றாலே 50,000 வெள்ளிக்கு மேல். மாதத்துக்கு வகுத்தால் 830-க்கும் மேல். கூரையுள்ள மாதாந்திர சீசன் பார்க்கிங் 110. ஆக 940. இதில் பெட்ரோலும் இன்சூரன்சும் சேரவில்லை. பத்து ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஏறுகிற சாலை வரியும், ஆண்டுதோறும் காட்ட வேண்டிய பரிசோதனையும் சேரவில்லை. புதுப்பிக்காமல் இப்போதே பதிவை ரத்து செய்தால் பார்ஃப் என்று ஒரு தொகை திரும்பி வரும், புதுப்பித்தால் அதுவும் போய்விடும். "இருபது வெள்ளிக்கு ஒரு டாக்சின்னு வச்சாலும் மாசம் 47 தடவ போலாம்பா" என்றான்.

அப்பாவிடம் அந்தக் காசு இருக்கிறது. ஆனால் அது எந்தக் காசு என்று நம் எல்லாருக்கும் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டியது சொந்தத் தொழில். சொந்தத் தொழில்காரர் மெடிசேவுக்குத்தான் கட்டாயம் கட்ட வேண்டும், அப்பா அதற்கு மேல் கட்டியதில்லை. அதனால் மத்திய சேம நிதியிலிருந்து மாதாமாதம் வருவது கொஞ்சம்தான். வங்கியில் இருப்பதுதான் உங்கள் இரண்டு பேருக்கும் கடைசி வரைக்குமான அரிசி.

தம்பியின் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவனும் சரி, நானும் சரி, காசைப் பற்றிப் பேசியதற்குக் காரணம் காசு பேசச் சுலபம் என்பதுதான். "உங்க கண்ணு சரியில்லப்பா" என்று சொல்வதைவிட "விலை கட்டுப்படியாகாதுப்பா" என்று சொல்வது எவ்வளவு சுலபம். அப்பாவுக்கு அது புரியாமலா இருக்கும்? கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அறுபத்தஞ்சுல டாக்டர் பாத்தாரு, பாஸ். அறுபத்தெட்டுல பாஸ். எழுபத்தொண்ணுல பாஸ். இந்த வருஷமும் பாஸ். நாப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், ஒரு கீறல் உண்டா? வேணும்னா உங்கம்மாவக் கேளு."

அன்றைக்கு முழுக்க உன்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. அதற்குத்தான் நீ அந்தப் பதிலைச் சொன்னாய்.

அம்மா, நான் அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். எனக்கு ஏற்கெனவே தெரியும். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு உங்களோடு ஈசூன் கோயிலுக்கு வந்தேனே, அன்றைக்கே தெரியும்.

வழக்கமாக நான் உங்கள் காரில் ஏறுவதில்லை. அன்று பின்னால் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் பையன். நீ வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாய். முதலில் எனக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. "அந்தப் பிள்ளையப் பாருங்க, யூனிஃபார்ம்ல எவ்ளோ அழகா இருக்கு." அப்பாவின் கால் பிரேக்குக்குப் போனது. அந்தப் பிள்ளை இடது பக்க நடைபாதை விளிம்பில் நின்று சாலையில் இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "மஞ்சப் பூ நல்லா பூத்துருக்கு" என்றாய். நிமிர்ந்து பார்த்தால் விளக்கு மஞ்சளுக்கு மாறியிருந்தது. மரத்தில் பூவே இல்லை. "இந்த அம்மாவுக்கு என்ன அவசரம், அட்டையத் தட்டிட்டு மெதுவாப் போலாம்ல." சாலை கடக்கிற இடத்தில் பச்சை மனிதன் விளக்கு நேரம் நீள்வதற்காக நீ உன் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டுவாயே, அப்படித் தட்டாமலே ஒரு மூதாட்டி கடந்துகொண்டிருந்தார். அப்பா நிறுத்தினார்.

பத்து நிமிடப் பயணம். நீ சொன்ன ஒவ்வொன்றும் எச்சரிக்கை என்று எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது. அதன் பிறகு என் முதுகு இருக்கையில் சாயவில்லை.

இதை நீ எங்கே கற்றாய் என்று யோசித்துப் பார்த்தேன். 1993-லிருந்து 2015 நவம்பர் பள்ளி விடுமுறை வரை, 22 ஆண்டு அப்பா ஓட்ட நீ அட்டெண்டன்ட். விடியற்காலை ஐந்து மணிக்கு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் இறங்கிப் போவீர்கள். "டுடுக், டுடுக்" என்று பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, கதவை இழுத்து, இடது பக்கம் எட்டிப் பார்த்து "ஏறியாச்சு, போலாம்" என்பாய். நீ சொல்லாமல் அவர் வண்டியை எடுத்ததே இல்லை. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் 22 ஆண்டு. அப்பா "ஒரு கீறல் உண்டா?" என்று கேட்கிறாரே, அந்தப் பெருமையில் சரிபாதி உன்னுடையது. அதை யாரும் உனக்குச் சொன்னதாக நினைவில்லை. நான் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் காலத்தில் நீ பார்த்தது, பெரிய பேருந்தில் ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியாத பக்கத்தை. இப்போது பார்ப்பது அவர் கண் பார்க்க வேண்டியதை. இரண்டும் ஒன்று இல்லை அம்மா.

ராத்திரி பத்து மணிக்கு அவர் இடது கண்ணில் சொட்டு மருந்து விடுவது நீதான். கண் அழுத்த நோய் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். வலி இருக்காது. இருட்டாகவும் தெரியாது, தெரியாத இடத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் நோய் இருப்பவருக்கே அது தெரிவதில்லை. அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே எல்லாம் தெரிவது போலத்தான் இருக்கிறது. போன பார்வையைச் சொட்டு மருந்து திருப்பிக் கொண்டு வராது, மேலும் போகாமல் தடுக்கப் பார்க்கும், அவ்வளவுதான். உரிமத்துக்கான பரிசோதனையில் அவர் தேறியதும் பொய்யில்லை. வெளிச்சமான அறையில், நேர் எதிரே இருக்கும் எழுத்தை அவர் இன்றைக்கும் கடகடவென்று வாசிப்பார். ஆனால் சாலையில் ஆபத்து நேர் எதிரே மட்டும் வருவதில்லையே. அவருக்கு இடது ஓரம் தெரியவில்லை. நம் ஊர் வண்டியில் பக்கத்து இருக்கை இடது பக்கம். அங்கே நீ உட்கார்ந்திருக்கிறாய்.

கோயிலுக்கு இன்னும் ஒரு திருப்பம் இருக்கும்போது சித்தி ஃபோன் செய்தார். நீ எடுத்தாய். "ஆமா, கோயிலுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கோம்." அப்பா இடது பக்கம் திருப்பினார். உணவு கொண்டுபோகிற பையன் ஒருவன் மின்சைக்கிளில் நேராக வந்துகொண்டிருந்தான். நான் அவனை ரொம்ப நேரமாகவே பார்த்துக்கொண்டு வந்தேன், அப்பாவும் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டேன். பிரேக் அடித்ததில் அர்ச்சனைத் தட்டிலிருந்த வாழைப்பழமும் தேங்காயும் என் காலடியில் உருண்டன. அவன் நம் வண்டியின் முன்பக்கத்தில் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே பார்த்துவிட்டு, போய்விட்டான். உங்கள் வயதைப் பார்த்துத் திட்டாமல் போனான் என்று நினைக்கிறேன்.

"எங்கருந்து வந்தான் இவன்?" என்றார் அப்பா.

நீ ஃபோனை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாய்: "என்மேலதான் தப்பு. ஃபோன எடுத்துருக்கக் கூடாது."

அம்மா, உன்மேல் என்ன தப்பு? ஓட்டியது நீயா? உன்னிடம் உரிமமே கிடையாது. எழுபது வயதில், முட்டி வலியோடு, வாரத்துக்கு நாலு நாள் ஒரு காரை வாயாலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறாய். கைப்பேசியை எடுக்க முடியாமல், கண்ணை அசர விடாமல். போன மாதம் பலதுறை மருந்தகத்தில் உன் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார்களே, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்களே. நான் அன்றைக்கு உப்பை நினைக்கவில்லை.

இனி என் தப்பைச் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் இரண்டு வாரம் என் பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அப்பாவைத்தான் அனுப்பினேன். பள்ளி முடிந்து பார்த்துக்கொள்ளும் நிலையத்துக்குக் கட்டணம், பேருந்துக்குக் கட்டணம், இரண்டும் அந்த மாதக் கணக்கில் இடிக்கும் என்று. நானும் தம்பியும் அப்பாவின் காரை வெறும் செலவு என்று பேசுகிறோமே, பத்து ஆண்டாக அந்தக் கார் எங்களுக்கு எத்தனை ஆயிரம் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது! தம்பி மகளை நீச்சலுக்குக் கொண்டுபோனது யார்? எனக்கு டெங்கி வந்தபோது மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்தது யார்? அந்த வரவை எந்தப் பக்கத்திலும் எழுதாமல் செலவை மட்டும் வாசித்துக் காட்டினோம். அப்பாவுக்கு வலித்திருக்கும்.

பிறகு ஒரு நாள், "ஸ்கூல்ல இனிமே பஸ்லதான் அனுப்புவாங்களாம்பா" என்றேன். பள்ளி அப்படி எதுவும் சொல்லவில்லை. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. அப்போதாவது நாம் இரண்டு பேரும் பேசியிருக்க வேண்டும். என் பிள்ளையை அந்த வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, என் அம்மாவை அதிலேயே விட்டுவிட்டு வந்தேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

நீ ஏன் சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். தாத்தா நேவல் பேஸில், அந்தக் கடற்படைத் தளத்தில், வேலைக்கு நடந்தே போய் நடந்தே வந்தவர். அப்பா 28 வயதில் யாருடைய வேனையோ இரவல் வாங்கி, என்னைப் பெற உன்னைக் கேகே மருத்துவமனைக்குக் கொண்டுபோன கதையை நீ நூறு தரம் சொல்லியிருக்கிறாய். கடைசிப் பேருந்தை விற்ற காசில் 2016 பிப்ரவரியில் இந்தக் காரை எடுத்து வந்து, சாவியை முதலில் உன் கையில் கொடுத்தாராமே. சனிக்கிழமை விடிகாலை தேக்கா சந்தைக்கு ஓட்டிப் போய், கறிக்கடையில் எலும்பு இல்லாத துண்டாகக் கேட்டு வாங்கி, பழைய ஆட்களிடம் நாலு வார்த்தை பேசி, எட்டு மணிக்கு வீடு திரும்புவது அவருக்கு மார்க்கெட் போவது மட்டுமா? அதைப் பிடுங்கினால் அவர் நாற்காலியில் சுருங்கிப் போய்விடுவார் என்று பயப்படுகிறாய். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இல்லையென்று சொல்லமாட்டேன்.

அதனால் அப்பாவிடம் போய் நீ எதையும் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன், காசைக் குறுக்கே நிறுத்தாமல், கண்ணைப் பற்றியே. உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. நான் சொல்லும்போது நீ அடுப்படிக்குப் போகக் கூடாது. "நல்லாத்தான் ஓட்டுறாரு" என்று சொல்லக் கூடாது. எதுவும் சொல்லாமல் மேசையில் உட்கார்ந்திருந்தால் போதும். அப்பாவுக்கு உன் மௌனம் புரியும்.

அடுத்த மாதம் கண் மருத்துவரிடம் போகும்போது நானும் வருகிறேன். ஓரப் பார்வையைச் சோதித்து ஒரு தாள் எடுப்பார்களே, கறுப்பும் வெள்ளையுமாக, அதை வைத்துக்கொண்டு "இவர் வண்டி ஓட்டலாமா?" என்று நேராகக் கேட்கப் போகிறேன். இத்தனை ஆண்டில் நம்மில் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. டான் டோக் செங் மருத்துவமனையில் ஓட்டும் திறனைச் சோதிப்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கென்று பயின்ற சிகிச்சையாளர்கள் முதலில் உள்ளே வைத்துப் பார்ப்பார்கள், பிறகு சாலையிலும் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அங்கே போகலாம். அப்பாவுக்கு இதுதான் மரியாதையான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டு சாவியை வாங்கினார்கள் என்று இருக்காது. அவர் ஓட்டட்டும், தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லட்டும். அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் நீ இருக்கமாட்டாய். நீ இல்லாமல் அவர் எப்படி ஓட்டுகிறார் என்பது அவருக்கே தெரியாது அம்மா. முதல் தடவையாகத் தெரிந்துகொள்வார்.

ஓட்டலாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்பாய். சொல்லிவிட்டால் சிஓஇயில் என் பங்கை நான் போடுகிறேன். தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் அதுவரைக்கும் இருட்டிய பிறகு வண்டி எடுக்க வேண்டாம், மழையில் எடுக்க வேண்டாம். இதை மட்டும் நீ அவரிடம் சொல்லலாம், கோயில் சாமானை மறந்துவிட்டேன் என்பது போல ஏதாவது சொல்லிச் சமாளிப்பாய், உனக்கா தெரியாது.

வரும் சனிக்கிழமை தேக்காவுக்கு நாம் ரயிலில் போவோம். அப்பாவிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். ஆறு வருஷமாக வீட்டுப் பக்கத்தில் கேன்பரா நிலையம் இருக்கிறது, ஒரு தடவையாவது அதில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்றேன். "கறிய ரயில்ல தூக்கிட்டு வர்றதா" என்று முனகினார், ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. நியூட்டனில் மாறினால் அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா. மேலே வந்தால் பஃபலோ சாலை, பக்கத்திலேயே சந்தை. எல்லா இடத்திலும் மின்தூக்கி இருக்கிறது, உன் முட்டிக்குப் படி ஒன்றுகூட வராது. சக்கரம் வைத்த பையை நான் கொண்டு வருகிறேன், கறிக்கு ஐஸ் பையும். வழியில் கோமளவிலாசில் தோசை சாப்பிடலாம், அது என் செலவு.

ஆறரைக்கு நிலையத்தின் நுழைவாயிலில் நிற்பேன். அப்பா எதிர்ச் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வரட்டும். நீ கண்ணை மூடி உட்கார்ந்து வா. நியூட்டன் வந்ததும் எழுப்புகிறேன்.

உன் மகள்